டெல்லி மேல்தள வீடு: பெரிய ஏ.சி. வாங்குமுன் மொட்டைமாடியைக் கவனியுங்கள்

மே மாத இரவு பதினொரு மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி, படுக்கையறை சீலிங்கில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூடு உறைக்கும். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் அதை அந்த நேரத்தில்தான் அறைக்குள் இறக்குகிறது. ஜனவரியில், அறையில் சேர்ந்த கொஞ்சநஞ்ச சூடும் அதே தளம் வழியாகத்தான் மேலே போய்விடுகிறது.

மயூர் விஹாரிலும் ஜனக்புரியிலும் நம்மவர்கள் பலர் வாங்கும் ‘ஹாட் அண்ட் கோல்ட்’ ஏ.சி. உண்மையில் ஒரு ஹீட் பம்ப். ரூம் ஹீட்டர் மின்சாரத்தைச் சூடாக மாற்றும். இது வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை உள்ளே இழுத்து வருகிறது. வெளியே 5 டிகிரிக்கு இறங்கினால் அதற்கு வேலை கூடும். வீடு சூட்டைப் பிடித்துவைத்தால் இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் மெதுவாக ஓடும், மின்சாரம் மிச்சமாகும். ஆகவே ஒன்றரை டன்னை இரண்டு டன்னாக்கும் பணத்தை முதலில் மொட்டைமாடிக்கு வெப்பக்காப்பு போடச் செலவிடுங்கள்.

யு-மதிப்பு என்பது தளம் எவ்வளவு வெப்பத்தைக் கடத்துகிறது என்ற அளவு; குறைந்தால் நல்லது. காப்பில்லாத தளத்தின் யு-மதிப்பு 3-க்கு மேல். 2018-இல் வந்த, குடியிருப்புகளுக்கான மின்சிக்கன விதித்தொகுப்பான எக்கோ நிவாஸ் சம்ஹிதா கூரைக்கு வைத்த உச்சவரம்பு 1.2. 50 மில்லிமீட்டர் எக்ஸ்.பி.எஸ். (வெப்பத்தைத் தடுக்கும் கெட்டி நுரை) பலகை போட்டால் 0.6-க்குள் வந்துவிடும். வெப்பத்தைத் தடுப்பதில் அந்த இரண்டங்குலப் பலகை இரண்டு மீட்டர் கான்கிரீட்டுக்கு மேல் நிற்கும்.

10க்கு 12 அடி அறை என்றால் பரப்பு சுமார் 11 சதுர மீட்டர். பலகை 1250க்கு 600 மில்லிமீட்டர் அளவில் வரும். சேதாரத்தோடு 17 வாங்குங்கள். அறையின் சுவரோடு நிறுத்தாமல், வெளியே இரண்டடி தள்ளிப் போடுவது நல்லது. அதற்குத் தனியாகக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் விரிசலை அடைத்து வாட்டர்ப்ரூஃப் பூச்சு. 48 மணி நேரம் தண்ணீர் தேக்கி, கீழே கசிவில்லை என்று உறுதி செய்யுங்கள். தளம் காய்ந்ததும் பலகைகளைச் செங்கல் கட்டு போல இணைப்பு மாறிவரும்படி நெருக்கி அடுக்கி, இணைப்புகளில் டேப் ஒட்டுங்கள். மேலே ஜியோடெக்ஸ்டைல் (தண்ணீரை விடும் செயற்கை இழைத்) துணி, கோழிவலை, 50 மில்லிமீட்டர் கான்கிரீட் பூச்சு. 100-க்கு 1 வாட்டம் மழைநீர்க் குழாயை நோக்கி. கடைசியாக வெள்ளை டைல்ஸ் அல்லது வெள்ளைக் கூல்ரூஃப் பெயிண்ட். பூச்சை ஏழு நாள் ஈரச்சாக்கு போட்டு நனைத்துவையுங்கள், இல்லையென்றால் டெல்லி வெயிலில் வெடித்துவிடும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். மிஸ்திரி விலை குறைவென்று பாக்கிங் தெர்மோகோல் கொண்டுவருவார். அது தண்ணீர் குடிக்கும், பாரத்தில் அமுங்கும். ரப்பர் சொல்யூஷன் போன்ற பசையும் ஆகாது, பலகையையே கரைத்துவிடும்.

கான்கிரீட் பூச்சு சதுர மீட்டருக்கு 110 கிலோ எடை ஏற்றும். பழைய கட்டடம் என்றால் இன்ஜினியரிடம் கேட்காமல் போடவே கூடாது. நம் ஊர் தட்டோடு போல இங்கே பழைய வீடுகளில் மண்ணும் ஓடும் சேர்ந்த ‘மிட்டி ஃபுஸ்கா’ இருக்கும். அதை எடுத்தால் எடை குறையும். மாடி உரிமை உங்களுக்கு இல்லையா? உள்ளே 50 மில்லிமீட்டர் ராக்வுல் (கல் இழைப் பஞ்சு) வைத்து ஜிப்சம் சீலிங் போடலாம். இது இரண்டாம்பட்சம்தான், ஏனென்றால் தளம் வெயிலில் காய்ந்துகொண்டேதான் இருக்கும்.

அடுத்தது ஓட்டைகள். ஃபேனை நிறுத்திவிட்டு ஊதுபத்தியை ஜன்னல் சட்டத்தை ஒட்டி மெல்ல நகர்த்துங்கள்; புகை வளையும் இடத்தில் ரப்பர் ஃபோம் டேப், கதவடியில் பிரஷ் பட்டை. கூலர் வைத்த ஜன்னல்தான் பெரிய திருடன்: குளிர்காலத்தில் 25 மில்லிமீட்டர் காப்புப் பலகையோடு பிளைவுட் அடித்து மூடுங்கள். மேற்கு ஜன்னலுக்குக் கோடையில் வெளிப்பக்கம் மூங்கில் சிக் (தட்டி) தொங்கவிடுங்கள்; உள்ளே போடும் திரை வெயில் கண்ணாடியைத் தாண்டிய பிறகுதான் தடுக்கிறது.

ஆனால் கேஸ் கீசர் இருக்கும் குளியலறையின் காற்றுவழியை ஒருபோதும் அடைக்காதீர்கள். அடைத்த அறையில் அங்கீட்டியும் (கரி அடுப்பு) வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஆள் தூக்கத்திலேயே போய்விடுவார்.

ஏ.சி.யின் உள், வெளி யூனிட்டுகளை இணைக்கும் செப்புக் குழாய்கள் இரண்டுக்கும் தனித்தனியே நைட்ரைல் ரப்பர் உறை வேண்டும், வெயில் படும் மாடியில் 13 மில்லிமீட்டர். மேலே பி.வி.சி. மூடி இல்லையென்றால் வெயிலில் உதிர்ந்துவிடும்.

மாடி வேலைக்கு பிப்ரவரி, மார்ச் தோது. அக்டோபர் தாண்டினால் காற்று மாசுக் கட்டுப்பாட்டில் கட்டுமானத்துக்குத் தடை வரலாம்.

எல்லாம் முடிந்தபின் குளிர்காலத்தில் 20 அல்லது 21 டிகிரி வைத்து, காற்று கீழ்நோக்கி வரும்படி திருப்புங்கள். பனிமூட்டமான அதிகாலையில் சில நிமிடம் சூடு நின்று, வெளி யூனிட்டிலிருந்து தண்ணீர் சொட்டினால் அது காயிலில் படிந்த உறைபனியைக் கரைக்கும் வேலை, பழுதல்ல. கால் மணி நேரமாகியும் சூடு திரும்பாவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.