மெல்பேர்னுக்குப் புதியவரா? அக்டோபருக்கு முன்பே பஃபர் (இன்ஹேலர்) வாங்கி வையுங்கள்

"எனக்குத்தான் ஆஸ்துமாவே இல்லையே" என்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். வசந்தகால இடிமழையோடு வரும் "இடிமழை ஆஸ்துமா" அவர்களையும் தாக்கும்.

வந்த புதிதில் மூக்கு சும்மா இருக்கும். இரண்டு மூன்று வசந்தம் போனபின் பலருக்குக் கண் அரிக்கும், அடுக்குத் தும்மல் போடும். சளிதானே என்று விட்டுவிடுகிறோம். சளி ஒரு வாரத்தில் போய்விடும். இது அக்டோபர் முதல் டிசம்பர் வரை இழுக்கும். ரைகிராஸ் என்ற புல்லின் மகரந்தம் செய்கிற வேலை. இதற்கு இங்கே ஹே ஃபீவர் என்று பெயர், காய்ச்சல் அடிக்காது.

மெல்பேர்னில் 2016 நவம்பர் 21. பகலெல்லாம் 35 டிகிரி வெயில், மாலையில் திடீரென இடியும் காற்றும். வடக்கிலும் மேற்கிலும் உள்ள புல்வெளிகளின் மகரந்தத்தைக் காற்று வாரிக்கொண்டு வந்தது. முழு மகரந்தத் துகள் பெரியது, மூக்கோடு நின்றுவிடும். ஈரம் பட்டால் உப்பி வெடித்து, கண்ணுக்குத் தெரியாத பொடியாகி நுரையீரல் ஆழம்வரை போகும். 10 பேர் இறந்தார்கள். மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்கு ஓடியவர்கள் ஆயிரக்கணக்கில். பலருக்கு அதுவரை ஹே ஃபீவர் மட்டும்தான் இருந்தது. இந்தியா, இலங்கை, தென்கிழக்காசியாவில் பிறந்தவர்கள், இங்குள்ள தங்கள் எண்ணிக்கைக்கு மீறி அதிகமாகப் பாதிக்கப்பட்டார்கள். அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

இனி இது குறையும் என்று நம்ப வழியில்லை. காற்றில் கரியமில வாயு கூடினால் புல் அதிக மகரந்தம் விடுகிறது. வெப்பம் கூடினால் அதன் பருவம் நீள்கிறது. வட அமெரிக்காவில் 1990க்கும் 2018க்கும் இடையில் மகரந்தக் காலம் சுமார் 20 நாள் நீண்டிருக்கிறது.

தும்மல் தொடர்கிறது என்றால் செப்டம்பரிலேயே டாக்டரைப் பாருங்கள். நீல பஃபர் மருந்துச்சீட்டு இல்லாமலே பார்மசியில் கிடைக்கும். அதில் பொருத்தி மருந்தை உள்ளிழுக்க உதவும் ஸ்பேஸர் என்ற குழாயும் சேர்த்து வாங்குங்கள். விக்டோரியா மாநிலத்தின் அவசர எச்சரிக்கை ஆப்பான விக்எமர்ஜென்சியில் இடிமழை ஆஸ்துமா எச்சரிக்கை வரும். அபாயம் அதிகம் என்று காட்டினால், மழைக்கு முன் வீசும் அந்தக் குளிர்காற்று வருமுன்னே உள்ளே வந்து ஜன்னலைச் சாத்துங்கள். காற்று வாங்க பால்கனியில் நிற்கவே வேண்டாம்.

யாருக்காவது மூச்சு இரைத்தால் படுக்க வைக்காதீர்கள், நிமிர்த்தி உட்கார வையுங்கள். நீல பஃபரை ஸ்பேஸரில் பொருத்தி ஒரு அழுத்து, 4 மூச்சு. இப்படி 4 முறை. 4 நிமிடம் பாருங்கள். குறையவில்லையா, உடனே 000 (அவசர உதவி எண்) அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை இதையே திரும்பத் திரும்பக் கொடுங்கள். பேச்சே வராமல் திணறினால் முதல் வேலையே 000தான். ஆங்கிலம் தடுமாறினால் "ஆம்புலன்ஸ்", "டமில்" என்று இரண்டு சொல் போதும், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள்.