கடற்கரையில் கெட்டவனைக் காட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தனுஷ்கோடி, பாம்பன் பக்கம் குறும்படம் எடுக்க வரும் பிள்ளைகளோடு கேமரா வேலைக்குப் போகிறேன். ஃபோகஸ் தவறுவது, பேட்டரி தீர்ந்துபோவது எல்லாம் போகப் போகச் சரியாகிவிடும். யார் நல்லவன், யார் கெட்டவன் என்பதை ஃப்ரேம் மாற்றிச் சொல்லிவிட்டால் படமே போச்சு.

தொடுவானத்தைப் பார்க்காமல் டிரைபாடை நாட்டுவது

இன்றுவரை எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். 'வில்லனுக்கு லோ ஆங்கிள்', அதாவது கேமராவைத் தாழ வைத்து மேல்நோக்கி எடுக்க வேண்டும் என்று எங்கேயோ படித்துவிட்டு வந்துவிடுகிறார்கள்.

அரிச்சல்முனை போகும் வழியில் ஒரு படப்பிடிப்பு. மணலில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிசெய்கிறார் ஒருவர். கடனைக் கேட்டு மிரட்ட வருகிறார் படகு முதலாளியான சம்மாட்டி. கேமராவை உட்கார்ந்தவரின் கண் உயரத்தில் வைத்தார்கள். ஓடவிட்டுப் பார்த்தால் சம்மாட்டி இடுப்புக்கு மேல் முழுக்க வானத்தில் நிற்கிறார், எல்லைச்சாமி மாதிரி. பாவப்பட்டவரின் முகத்தைக் கடல்கோடு, அதாவது கடலும் வானமும் சேரும் கோடு, கண்ணோடு சேர்த்து அறுக்கிறது. பார்ப்பவன் யாரைக் கும்பிடுவான்?

சமமான தரையில், கேமரா எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தில்தான் கடல்கோடு ஆளை வெட்டும். ஆள் கிட்டே நின்றாலும் தள்ளி நின்றாலும், கேமராவை மேலே சாய்த்தாலும் கீழே சாய்த்தாலும் அது மாறாது. ஊருக்குள் சுவரும் மரமும் கோட்டை மறைத்துவிடும். இங்கே மறைக்க ஒன்றும் கிடையாது. எடிட்டிங்கில் க்ராப் செய்தும் சரிக்கட்ட முடியாது. திரும்ப வண்டி பிடித்து, நடிகர்களைக் கூட்டி வந்து எடுக்க வேண்டியதுதான்.

அந்தக் காட்சிக்குக் கேமராவை இன்னும் இறக்கி, முழங்கால் உயரத்துக்கும் கீழே வைக்கச் சொன்னேன். வலைக்காரரின் முகமும் தோளும் வானத்துக்கு ஏறின. சம்மாட்டியை முழங்காலோடு வெட்டினோம்: வேட்டிக் கரையும், வலைக் கண்ணிகளை மிதிக்கும் செருப்பும் மட்டும். வசனமே தேவைப்படவில்லை.

இரண்டு பேரின் முகமும் வேண்டுமா? நிற்பவரின் தலைக்கு மேலே கேமராவை ஏற்றுங்கள். வானம் இருவருக்கும் கிடைக்காது. மணலில் யார் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறார் என்பது பேசும்.

கறுத்த முகம் என்றால் கெட்டவன்

வேண்டவே வேண்டாம். வெயிலில் உழைக்கும் முகங்கள் அவை.

ஃப்ரேமைச் சாய்ப்பது

1949-இல் வந்த 'தி தேர்ட் மேன்' படம் வியன்னா நகரைச் சாய்த்துக் காட்டியது. அங்கே சாய்வதற்குக் கட்டடங்கள் இருந்தன. வெறும் கடலைச் சாய்த்தால் டிரைபாட் கோணல் என்றுதான் நினைப்பார்கள்.

இடிந்த தேவாலயத்தை வில்லன் கூடாரமாக்குவது

1964 டிசம்பர் புயலில் மக்கள் செத்த ஊர் தனுஷ்கோடி. தொடாதீர்கள்.

உச்சி வெயிலில் நிழல் தேடுவது

'எம்' படத்தில் (1931) கொலைகாரன் முதலில் நிழலாகத்தான் வருகிறான், அவனைப் பற்றிய அறிவிப்பின் மேலேயே விழுகிறது அந்த நிழல். அதைப் பார்த்துவிட்டு ஏப்ரல் மத்தியானத்தில் முயல்கிறார்கள். சித்திரை பிறக்கும்போது இங்கே சூரியன் கிட்டத்தட்ட நேர் உச்சியில். நிழல் காலடியில் சுருண்டு கிடக்கும். நாலரை மணிக்கு மேல் எடுங்கள். நிழல் விழ ஒரு வல்லத்தின் (மீன்பிடிப் படகின்) பக்கவாட்டையாவது பார்த்து வையுங்கள்.