ஆள் வந்து நிற்பதற்கு முன்பே முடிவெடுங்கள்: மருந்துக்கடைக் கவுண்டரிலிருந்து

எதை விற்பது, எதை மறுப்பது என்பதை ஆள் வந்து நின்றபிறகு யோசிக்காதீர்கள். எதிரே கைக்குழந்தையோடு ஒருத்தி, பின்னால் நாலு பேர், நீட்டிய கையில் ஐநூறு ரூபாய்த் தாள். அந்த நேரத்தில் யாருக்கும் கொடுத்து அனுப்பிவிடத்தான் தோன்றும்.

நான் டி.பார்ம் (மருந்தாளுநர் டிப்ளமா) முடித்துவிட்டு மன்னார்குடியில் மெடிக்கல் நடத்துகிறேன். ஷட்டரை இறக்கியபிறகு உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வதுதான் என் வழி. முதலில் சட்டம் கேட்பதை எழுதுங்கள். செஃபிக்சிம், லீவோஃப்ளாக்சசின், டிரமடால், அல்பிரசோலம் போன்ற ஷெட்யூல் எச்1 (சட்டத்தில் கட்டுப்பாடு கூடிய பட்டியல்) மருந்துகளுக்கு 2014 மார்ச்சிலிருந்து தனி ரெஜிஸ்டர் வைக்கவேண்டும். டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாம் ஏற்றி மூன்று வருஷம் பத்திரமாக வைக்கவேண்டும். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

யோசிக்கவேண்டியது, சட்டம் இருந்தும் யாரும் கேட்காத இடத்தில். அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஷெட்யூல் எச். டாக்டர் சீட்டு இல்லாமல் தரக்கூடாது, ஆனால் எச்1 போலத் தனி ரெஜிஸ்டர் கிடையாது. தெருவுக்குத் தெரு கொடுக்கிறார்கள்.

“யக்கா, மூணு நாள் மாத்திரை ஒரு அட்டை குடு. சளி.” செல்போனில் காலி அட்டையின் போட்டோ வேறு.

“சீட்டு இருக்காண்ணே?”

“சளிக்கெல்லாம் எவன் டாக்டர்ட்ட போவான்? சரி, ரெண்டு மாத்திரையாவது வெட்டிக் குடு.”

“சாதாரண சளிக்கு இது கேக்காதுண்ணே, இது வேற கிருமிக்கு. ஆவி புடிங்க, காய்ச்சல் இருந்தா பாரசிட்டமால் தர்றேன். மூணு நாள்ல விடலைன்னா ஜி.எச்.ல ஓ.பி. சீட்டு போட்டுப் பாருங்க, காசு கிடையாது.”

காரணம் ஒரே மூச்சில் முடியவேண்டும். பாடம் எடுத்தால் அடுத்த கடைக்குப் போய்விடுவார். மறுத்த கையோடு அவர் செய்வதற்கு ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள். அரை அட்டை வெட்டிக் கொடுத்துச் சமாதானப்படுத்தும் வேலை மட்டும் வேண்டாம், அதுவும் சீட்டில்லாமல் கொடுத்ததுதான்.

உங்களால் காப்பாற்ற முடியாத விதியை எழுதாதீர்கள். பிபி மாத்திரைக்காக ஆறு மாதப் பழைய சீட்டோடு கிராமத்திலிருந்து பஸ் ஏறி வரும் பெரியவரை வெறுங்கையோடு அனுப்ப எனக்கு மனம் வராது. பத்து நாளைக்குக் கொடுத்து, சீட்டின் பின்னால் தேதி போட்டு, “அடுத்த தடவ டாக்டரப் பாத்துட்டு வாங்கய்யா” என்பேன். புத்தகத்தைப் பிரித்தால் இதுவும் சரியில்லைதான். ஆனாலும் மாத்திரை திடீரென்று நின்றால் என்ன ஆகும் என்று பார்த்துத்தான் இந்த வரியை எழுதினேன். அதே பெரியவர் மறுபடியும் அதே சீட்டோடு வந்தால் என்ன செய்வது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இல்லாவிட்டால் பத்து நாள் பத்து மாதமாகும்.

விலையில் ஒரு சோதனை போதும். எம்ஆர்பி என்பது உச்சவரம்பு, அதற்கே விற்கவேண்டும் என்று கட்டாயமில்லை. சில ஜெனரிக் மாத்திரைகளை நாம் வாங்குவது எம்ஆர்பியில் பாதிக்கும் கீழே. கொள்முதல் பில்லை வாடிக்கையாளர் பக்கம் திருப்பி வைக்கக் கூசாத அளவுக்கு லாபம் வையுங்கள். நான் கூசாத அளவும் நீங்கள் கூசாத அளவும் வேறாக இருக்கும், பரவாயில்லை. மருந்துக் கம்பெனி ரெப் தரும் சலுகை ஸ்கீமுக்காகத் தேவையில்லாத டானிக்கைத் தலையில் கட்டுவது இந்தச் சோதனையிலேயே அடிபட்டுவிடும். (சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுப்பதையெல்லாம் பெரிய தர்மசங்கடமாக்க வேண்டாம். நூறு ரூபாய்க்குச் சில்லறை மாற்றி வையுங்கள்.)

கவுண்டரில் நிற்கும் பையனிடம் நோட்டைக் காட்டுங்கள். அதைவிட முக்கியம், அவன் ஒருவரைத் திருப்பி அனுப்பிய அன்று “ஏன்டா வியாபாரத்தக் கெடுத்த?” என்று கேட்காமலிருப்பது. ஒருமுறை கேட்டுவிட்டால் நோட்டைக் கிழித்துப் போட்டுவிடலாம்.

கர்ப்ப பரிசோதனைக் கிட், ஆணுறை கேட்பவரிடம் கேள்வி கேட்பதில்லை, பெயரைக் கத்திச் சொல்வதில்லை. இதுவும் நோட்டில் ஒரு வரி.

கஷ்டம் சொந்தக்காரர்களிடம்தான். அண்ணி தூக்கத்துக்கு அல்பிரசோலம் கேட்டார். “எடுத்துக் குடேன், நான் என்ன அசலா?” நான் ரெஜிஸ்டரை எடுத்து முன்னால் வைத்து, “எந்த டாக்டர் பேர எழுதட்டும் அண்ணி?” என்றேன். ‘நான் தரமாட்டேன்’ என்று சொல்லாமல், நிரப்பவேண்டிய கட்டத்தைக் காட்டுவது கொஞ்சம் கோபத்தைக் குறைக்கும் என்று நினைத்தேன். பெரிதாகக் குறையவில்லை, பொங்கல் வரை அவர் என்னோடு பேசவில்லை. மாத்திரை வேறு கடையில் கிடைத்திருக்கும். அதைத் தடுக்க என் நோட்டில் வரி கிடையாது.