கல்குவாரித் தண்ணீர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குவாரி நடத்துகிறவர்கள் கல்லுக்குக் கணக்கு வைத்திருப்பார்கள். எத்தனை கனமீட்டர் வெட்டினோம், எத்தனை லோடு போனது, சீனியரேஜ் (வெட்டும் கனிமத்துக்காக அரசுக்குக் கட்டும் கட்டணம்) எவ்வளவு கட்டினோம் என்று கேட்டால் உடனே பதில் வரும். குழிக்குள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, அது யாருடையது என்று கேட்டால் மேனேஜர் மோட்டார் போடுகிற ஆளைத் திரும்பிப் பார்ப்பார். தமிழ்நாட்டில் குவாரிக்கும் ஊருக்கும் வரும் தகராறுகளில் பல இங்கேதான் முளைக்கின்றன.

கல்லுக்கு வாங்கிய குத்தகையில் தண்ணீரும் சேர்ந்தே வந்துவிட்டதாக நினைப்பது பெரிய தவறு. குத்தகை தருவது கனிமத்தை வெட்டியெடுக்கும் உரிமையை மட்டும்தான். ஈஸ்மென்ட் சட்டம் என்று வக்கீல்கள் சொல்லும் 1882-ம் ஆண்டுச் சட்டத்தின்படி, நிலத்துக்கு அடியில் தனிப்பாதை இல்லாமல் பரவிக் கிடக்கும் நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளும் உரிமை நிலத்தின் உரிமையாளருக்கு. புறம்போக்கு என்றால் அது அரசாங்கம். பட்டா நிலம் என்றால் பட்டாதாரர். குழித் தண்ணீரைப் பாதையில் தெளித்துப் புழுதியை அடக்கினால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். அதையே டேங்கரில் ஏற்றி விற்க ஆரம்பித்தால் கதை வேறு. பட்டா நிலமாக இருந்தால் குத்தகைப் பத்திரம் எழுதும்போதே தண்ணீருக்கென்று ஒரு பத்தி எழுதிவிடுவது நல்லது. ‘இத்தனை வருஷமாக எடுத்துக்கொண்டுதானே இருக்கிறோம்’ என்ற வாதமும் எடுபடாது. நிலத்தடியில் பரவிக் கிடக்கும் நீருக்கு அனுபோகத்தால் உரிமை வராது என்று அதே சட்டத்தின் 17-வது பிரிவு சொல்கிறது.

தனியாக ஆழ்துளைக் கிணறு (போர்) போடுவதாக இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் குறுவட்டம் (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு) எந்த வகையில் இருக்கிறது என்பதை. நீர்வளத் துறை ஒவ்வொரு குறுவட்டத்தையும் வகைப்படுத்தி வைத்திருக்கிறது. ‘அதிநுகர்வு’, அதாவது ஊறுவதைவிட அதிகமாக நிலத்தடி நீர் எடுக்கப்படுகிறது என்று குறிக்கப்பட்ட இடத்தில் போரை நம்பித் திட்டம் போடுவது காசை மண்ணில் கொட்டுகிற வேலை.

அடுத்தது, தண்ணீரை வெளியேற்றும் விஷயம். என் அனுமானத்தில் குவாரிக்காரர்கள் மிகக் குறைவாக யோசிப்பது இதைப் பற்றித்தான். நம் பக்கத்துப் பாறையில் தண்ணீர் விரிசல்கள் வழியாகத்தான் ஓடுகிறது. குழி பக்கத்துத் தோட்டக் கிணறுகளின் நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டால், அந்தக் குழிதான் சுற்றுவட்டாரத்தின் ஆழமான கிணறு. மோட்டார் ஓட ஓட மற்ற கிணறுகளின் நீர் இங்கே வடியும். எல்லாக் கிணறும் குவாரியால்தான் வற்றியது என்று சொல்லிவிட முடியாது; மழை பொய்த்திருக்கலாம், பக்கத்தில் புதிதாக நாலு போர் வந்திருக்கலாம். ஆனால் வேலை தொடங்குவதற்கு முன்னால் கிணறுகளின் மட்டத்தை அளந்து வைக்கவில்லை என்றால் எதையும் நிரூபிக்க முடியாது, உங்களாலும் சரி, விவசாயியாலும் சரி. கோடையின் உச்சமான மே மாதத்தில் ஒரு முறை, வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரியில் ஒரு முறை, கிணற்றுக்காரரையும் கூட வைத்துக்கொண்டு அளந்து, கையெழுத்தோடு பதிந்து வையுங்கள். அளவு நாடா போதும், செலவே கிடையாது.

மழைத் தண்ணீரையும் குறைவாக எடைபோடக் கூடாது. ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. மழை விழுந்தால் 10,000 லிட்டர். 2 ஹெக்டேர் குழியில் ஒரே இரவில் 50 மி.மீ. பெய்தால் 10 லட்சம் லிட்டர், 12,000 லிட்டர் டேங்கரில் எண்பதுக்கு மேல் நடை. மேட்டிலிருந்து வழிந்து வருவது இந்தக் கணக்கில் சேரவில்லை. குழியைச் சுற்றி வாய்க்கால் வெட்டி அதைத் திருப்பிவிட்டாலே மோட்டாருக்குப் பாதி வேலை குறையும்.

விடிந்ததும் அவசரமாக அத்தனையையும் ஓடையில் இறைத்துவிடுகிறார்கள். கல்மாவு கலந்த அந்தத் தண்ணீர் ஏரியிலும் வயலிலும் போய்ப் படியும். கண்ணுக்குத் தெரியாதது இன்னொன்று: வெடிமருந்தில் இருக்கும் அம்மோனியம் நைட்ரேட் தண்ணீரில் எளிதாகக் கரையும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மி.கிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. ஓடையிலோ கிணற்றிலோ மாசு கலக்க விடுவதை 1974-ம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டம் தடுக்கிறது. ஆகவே தேக்கி, தெளியவைத்து, ஒருமுறை பரிசோதித்துவிட்டுத் திறக்க வேண்டும். நல்ல தண்ணீராக இருந்தால் கீழே உள்ள ஆயக்கட்டுக்காரர்களே கோடையில் வந்து கேட்பார்கள். மழைக்காலத்தில் அவர்கள் வயல் நிரம்பியிருக்கும்போது திறந்துவிட்டுத்தான் சண்டை வாங்கிக்கொள்கிறோம்.

மண்ணையும் கழிவுக்கல்லையும் ஓடையில் கொட்டுவதும் இதே வகைதான். மே மாதம் பார்த்தால் ஓடை வண்டித்தடம் போலத்தான் தெரியும். கண்ணை நம்பாமல் கிராமப் புலப்படத்தைப் பார்க்க வேண்டும். இயற்கையாக ஓடும் நீர் தடையில்லாமல் வந்து சேரக் கீழ்நிலத்துக்காரருக்கு உரிமை உண்டு, அது ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் ஓடுகிற ஓடையானாலும்.

தொழிலாளர்களின் குடிநீரைக் குழித் தண்ணீரில் சமாளிக்கலாம் என்று நினைக்கவே வேண்டாம், காரணம் மேலே சொன்ன நைட்ரேட்தான்.

கல் தீர்ந்ததும் குழியை அப்படியே போட்டுவிட்டுப் போவது கடைசித் தவறு. சென்னை தவித்த 2017-லும் 2019-லும் மாங்காடு பக்கம் சிக்கராயபுரத்துப் பழைய குவாரிகளின் தண்ணீரைச் செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்து நகரத்துக்குக் கொடுத்தார்கள். ஆனால் செங்குத்தான சுவருள்ள இந்தக் குட்டைகளில் இறங்குவது சுலபம், ஏறுவது கஷ்டம். குளிக்கப் போன பிள்ளைகள் மூழ்கிய செய்தி கோடைதோறும் வருகிறது. குத்தகை முடிவதற்கு முன்பே வேலி போட்டு, தண்ணீர் யார் பொறுப்பு என்பதைப் பஞ்சாயத்தோடும் கனிமவளத் துறையோடும் பேசி எழுத்தில் வாங்கிவிடுங்கள். மிஷின்கள் கிளம்பிப் போன பிறகு அதைப் பேச அங்கே ஆள் இருக்க மாட்டார்கள்.