மனம் நொந்தவர் கதைக்காமல் இருந்தால்

மனம் நொந்தவர் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி நடக்கமாட்டார். 1996இல் வெளிவந்த மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வில், போகிற வழியில் இடித்து ஏசியபோது அமெரிக்கத் தென்மாநில மாணவர்களுக்குக் கோபம் ஏறியது, வடமாநிலத்தவர் பெரிதாக எடுக்கவில்லை. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பெரும்பாலும் சத்தம் வராது. கதை நின்றுபோகும், நல்லது கெட்டதுக்கு ஆள் வராது. அதை மறதி என்று விட்டுவிடாதீர்கள்.

நொந்தது ஆளா, குடியா (தாய்வழிக் குலம்) என்று முதலில் பாருங்கள். கோயிலில் குடி மரியாதை முறை மாறியிருந்தால் தனியாளிடம் மன்னிப்புக் கேட்டுப் பயனில்லை. கோயில் நிர்வாகியான வண்ணக்கரோடு போய், அந்தக் குடிப் பெரியவர்கள் முன்னால்தான் கதைக்க வேண்டும்.

தனியாள் என்றால், இரண்டு வீட்டிலும் சோறு தின்னக்கூடிய ஒருவரை அனுப்புங்கள், தாய்மாமன் என்றால் நல்லது. அவர் கேட்க வேண்டியது ஒன்றுதான்: “வந்தா கதைப்பீங்களா?” விளக்கத்தையும் அவரிடம் கொடுத்துவிட்டால் சொல் வழியில் வளர்ந்துவிடும். பிறகு நீங்களே போங்கள். தேத்தண்ணி தந்தால் குடியுங்கள். “அண்டைக்கு உங்கட மகளப் பத்தி நான் சொன்னது பிழை” என்று செய்ததைப் பேர் சொல்லிச் சொல்லுங்கள். “மனம் நொந்திருந்தா மன்னிச்சுக்கங்க” என்றால் நொந்ததையே சந்தேகப்படுவதாகிவிடும். “ஆனா” என்று தொடங்கினால் வந்த காரியம் கெட்டது.

காத்தான்குடி, அக்கரைப்பற்று முஸ்லிம் வீடுகளில் தாமதம் வேண்டாம். மூன்று நாளுக்கு மேல் முகம் திருப்பக் கூடாது, முதலில் ஸலாம் சொல்பவரே சிறந்தவர் என்ற ஹதீஸ் அங்கே எல்லோருக்கும் தெரியும். அம்பாறைச் சிங்கள அயலவர் சித்திரைப் புத்தாண்டில் வெற்றிலை கொடுத்து, பெரியவர்களை வணங்கிப் பிழை பொறுக்கக் கேட்பார்கள். அந்த நாள் உங்களுக்கும் உதவும்.

சபையில் அவமானப்படுத்தியதைச் சபையிலேயே சரிசெய்யுங்கள். சமோவாவில் பெருங்குற்றம் செய்தவரின் உறவினர் விடியுமுன் வந்து, பாதிக்கப்பட்டவர் வீட்டின் முன் நெய்த பாயைப் போர்த்திக்கொண்டு இருப்பார்கள். ஊரே பார்க்கும். வீட்டார் பாயை நீக்கினால் பொறுத்துக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

காணி, கடன் கலந்த பகைக்கு இலங்கையின் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான மத்தியஸ்த சபை இருக்கிறது. ஆளுக்கொரு மத்தியஸ்தரைத் தெரிவுசெய்ய, அந்த இருவரும் மூன்றாமவரைத் தெரிவுசெய்வார்கள். சட்டத்தரணி தேவையில்லை.

வீட்டுக்குள் அடிபட்ட பெண்ணிடம் மட்டும் சமாதானத்துக்கு ஆள் அனுப்பாதீர்கள். திரும்பிப் போனால் அடி கூடக்கூடும். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவருக்காகப் பொலிஸாரும் விண்ணப்பிக்கலாம்.