மட்டக்களப்பில் பாலும் மச்சமும் இல்லாமல் வாழ்வது எப்படி

என் பெரியப்பாவுக்கு மட்டக்களப்பு வாவியின் மேற்கே படுவான்கரையில் எருமைப் பட்டி இருந்தது. பள்ளிக்கூட விடுமுறை வந்தால் நாங்கள் அங்கேதான் நிற்போம். விடியும் முன்பே பால் கறப்பார்கள். இரவு முழுவதும் தனியே அடைத்து வைத்த கன்றை அவிழ்த்துவிட்டால் அது நேரே தாயின் மடிக்கு ஓடும். நாலு தரம் முட்டிக் குடித்ததும் மடி சுரந்துவிடும். உடனே பெரியப்பா கழுத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்து, தாயின் முன்காலோடு கன்றைக் கட்டிவிடுவார். கன்றின் வாயோரத்தில் நுரை ஒட்டியிருக்கும். தாய் குனிந்து அதன் முதுகை நக்கிக்கொண்டே நிற்கும். பின்னால் வாளிக்குள் பால் விழும் சத்தம் கேட்கும். நான் பக்கத்தில் கோப்பையோடு காத்திருப்பேன்.

பெரியப்பா இரக்கமில்லாதவர் அல்லர். ஒவ்வொரு மாட்டுக்கும் பெயர் வைத்திருந்தார். சுகமில்லாத எருமைக்குப் பக்கத்தில் இரவிரவாக விழித்திருந்தார். அதனால்தான் அவரிலிருந்து தொடங்குகிறேன். பால் வேண்டாம் என்று சொல்பவர்கள் வெளிநாட்டுத் தொழிற்சாலைப் பண்ணைகளைக் காட்டுவார்கள். நம்மவர்கள், “எங்கள் ஊரில் அப்படி இல்லையே” என்று சொல்லிவிட்டுத் தயிர்ச்சட்டியைத் திறப்பார்கள். ஊரிலேயே நல்ல மனிதர் ஒருவரின் கையில் நடப்பதைத்தான் நான் சொல்கிறேன்.

ஒரு விடுமுறையில் நெற்றியில் வெள்ளை விழுந்த கிடாக்கன்று ஒன்றுக்கு நான் புல் கொடுத்துப் பழகினேன். அடுத்த விடுமுறையில் அது இல்லை. “விற்றுவிட்டேன் மகள்” என்றார் பெரியப்பா. யாருக்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்றிரவும் தயிரும் சீனியும் சாப்பிட்டேன். அந்தக் கன்றும் அந்தத் தயிரும் ஒரே கணக்கில் வருவன என்பது எனக்குப் புரிய இருபத்தைந்து ஆண்டுகள் எடுத்தன.

கணக்கு மிக எளிது. பசுவோ எருமையோ, கன்று ஈன்றால்தான் பால். பசு ஒன்பது மாதத்துக்கு மேலும் எருமை பத்து மாதத்துக்கு மேலும் சுமந்து ஈனுகின்றன. ஈனும் கன்றுகளில் ஏறத்தாழப் பாதி ஆண். என் அம்மப்பாவின் காலத்தில் ஆண் மாட்டுக்கு வயலில் வேலை இருந்தது: சேறு மிதிக்கும், உழும், சூடு மிதிக்கும். உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்தபின் அந்த வேலை போய்விட்டது. பால் தராத, உழாத ஒரு கிடாவைச் சாகும்வரை வைத்துப் பார்க்க எந்தப் பட்டிக்காரரால் முடியும்? அது இறைச்சிக்குப் போகிறது. பால் வற்றிய கிழமாடும் அதே வழியில்தான் போகிறது.

ஆகவே பால் வாங்குகிறவரும் மாட்டிறைச்சி வாங்குகிறவரும் ஒரே பட்டியின் வாடிக்கையாளர்கள். சைவர்களாகிய நமக்கு இது கசப்பான செய்தி. வெள்ளிக்கிழமை மரக்கறி சாப்பிட்டு, மோர் குடித்து, இறைச்சிக்கடையைக் கண்டு முகம் சுளிக்க நமக்கு உரிமை இல்லை. 2020இல் நாட்டில் மாடறுப்புத் தடை பற்றிய பேச்சு எழுந்தபோது என்னோடு படிப்பிக்கும், முஸ்லிம்கள் வாழும் காத்தான்குடியைச் சேர்ந்த ஆசிரியை ஒருவர், “உங்களுக்குச் சந்தோஷம்தானே?” என்று கேட்டார். இல்லை என்றேன். மாட்டின் மேல் உள்ள இரக்கத்தை அயலவரை அடிக்கும் தடியாக எடுப்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. என் கையிலிருக்கும் கோப்பையைத்தான் நான் முதலில் கீழே வைக்க வேண்டும்.

பால், முட்டை, மீன், இறைச்சி என்று விலங்கிலிருந்து வரும் எதையும் பாவிக்காமல் வாழ்வதற்கு வீகன் என்று பெயர். தமிழில் நனிசைவம் என்று எழுதுகிறார்கள். 1944 நவம்பரில் இங்கிலாந்தில் டொனால்ட் வொட்சன் என்பவரும் சில நண்பர்களும் சேர்ந்து இந்தச் சொல்லை உருவாக்கிச் சங்கம் அமைத்தார்கள். வொட்சனும் சிறுவயதில் மாமாவின் பண்ணையில் ஒரு பன்றி கொல்லப்படுவதைப் பார்த்தவர். அந்தச் சங்கம் இன்று தரும் வரைவிலக்கணத்தில், இயன்றவரை, நடைமுறைக்கு ஒத்தவரை என்ற நிபந்தனை இருக்கிறது. அதை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். நம் கூத்துக்கு மத்தளம் வேண்டும், மத்தளத்துக்குத் தோல் வேண்டும். நான் கூத்துப் பார்க்கப் போகிறேன். என் கூறைப்பட்டு பெட்டிக்குள் இருக்கிறது, புதிய பட்டு வாங்குவதில்லை. செருப்பு தேய்ந்தால் ரப்பரில் வாங்குகிறேன். சோற்றுக்கோப்பைதான் நாளுக்கு மூன்று தரம் வருகிறது. அதைச் சரிசெய்வதே பெரிய காரியம்.

தொடங்க நல்ல காலம் வைகாசிச் சடங்கு. கண்ணகி அம்மன் கோயிலில் கதவு திறந்துவிட்டால் கடைசிச் சடங்கான குளிர்த்தி முடியும்வரை ஊரில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் கிடையாது. அடுப்படி கழுவி, மச்சச்சட்டிகளைத் தனியே ஒதுக்கி வைத்திருப்போம். வீடு முழுவதும் ஏற்கெனவே பாதித்தூரம் வந்து நிற்கிறது. அந்த நாட்களில் பாலையும் விட்டுப் பாருங்கள். சடங்கு முடிந்த மறுநாள் மீன்சட்டியை வெளியே எடுக்காமல் விடுவதுதான் அடுத்த அடி.

முதலில் விட வேண்டியது பால்மா. அது மிகவும் எளிது என்பதை நாமே பார்த்திருக்கிறோம். 2022இல் கடைகளில் பால்மா இல்லாமல் வரிசையில் நின்ற நாட்களில் ஊரே பிளேன் டீ குடித்தது. நான் அப்போது குடிக்கத் தொடங்கியதை நிறுத்தவில்லை. இஞ்சி தட்டிப் போட்டு, சர்க்கரைக் கட்டி ஒன்றைக் கடித்துக்கொண்டு குடியுங்கள். பால் நிறம் இல்லாமல் முடியாது என்றால் தேங்காயின் முதற்பாலை இறக்கிய பின் ஊற்றுங்கள். கொதிக்க விட்டால் திரிந்துவிடும்.

நம் சமையலில் பசும்பாலுக்கு உண்மையில் இடமே இல்லை. சொதி, கத்தரிக்காய்ப் பாற்கறி, பலாக்கொட்டைக் கறி, பருப்பு எல்லாம் தேங்காய்ப்பால்தான். பிட்டும் தேங்காய்ப்பூவும், இடியப்பமும் சம்பலும், மரவள்ளிக்கிழங்கும் கட்டைச்சம்பலும் அப்படியே இருக்கின்றன. கண்ணில் படாமல் நுழைவதுதான் தொல்லை. சம்பலில் மாசிக்கருவாடு, கடைப் பருப்புக்கறியில் மாசி, பணிசின் மினுக்கத்துக்கு மேலே தடவிய முட்டை, ரோல்சின் மாவில் முட்டை, பிஸ்கட்டில் பால்மா. பொதியின் பின்புறத்தில் உள்ளடக்கம் எழுதியிருக்கும், வாசியுங்கள். கடையில், “மாசி போட்டதா?” என்று கேட்க வெட்கப்படாதீர்கள். மாசி இல்லாத சம்பலுக்கு நான் சின்ன வெங்காயத்தைத் தோலோடு தணலில் சுட்டு, செத்தல் மிளகாயோடு சேர்த்து இடிக்கிறேன். களுதாவளைத் தோட்டத்து வெங்காயம் கிடைத்தால் வேறொன்றும் வேண்டாம்.

மீன் கடினம். கல்லடியில் வளர்ந்த எனக்கு அது பாலைவிடக் கடினமாக இருந்தது. எங்கள் தெருவில் கரைவலைக்குப் போகும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் தரும் மீனை மறுப்பது உறவை மறுப்பது போல வலித்தது. மீனுக்கு வலிக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். 2003இல் ஸ்கொட்லாந்தில் ஆய்வாளர்கள் ட்ரவுட் மீன்களின் உதட்டில் அசற்றிக் அமிலத்தை ஏற்றியபோது, அவை சாப்பாட்டை விட்டுவிட்டு உதட்டைத் தொட்டியின் கற்களில் தேய்த்தன. மோர்பின் கொடுத்ததும் அந்தத் தேய்ப்புக் குறைந்தது. இதை வாசித்த பிறகு வாவிக்கரையில் கூடைக்குள் செவுள் திறந்து மூடும் செல்வன் மீனை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை. மீன் தருகிற அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். இப்போது அவர் தன் வளவு முருங்கைக்காய் தருகிறார், நான் பலாச்சுளை கொடுத்தனுப்புகிறேன். ஒரேயடியாக முடியாதவர்கள் கிழமையில் ஐந்து நாள் விட்டு, பிறகு ஆறு, பிறகு ஏழு என்று போகலாம். விரத நாட்களோடு ஒட்டிப் போட்டால் வீட்டிலும் கேள்வி குறையும்.

முட்டையைப் பற்றி ஒன்றே ஒன்று. முட்டையிடும் இனக் கோழிகளில் சேவற்குஞ்சு இறைச்சிக்கும் உதவாது என்று பொரித்த அன்றே கொன்றுவிடுகிறார்கள். உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 700 கோடி என்று கணக்கிடுகிறார்கள். ஜெர்மனி 2022இல் இதைத் தடைசெய்தது. கிடாக்கன்றின் கதைதான், இன்னும் விரைவாக.

இனித் தயிர். மட்டக்களப்பாருக்கு இதுவே பெரும் சோதனை, ஆகவே ஆறுதலாகச் சொல்கிறேன். ஒரு சுண்டு பச்சைக் கச்சானை (வறுக்காத நிலக்கடலையை) இரவு ஊறவிட்டு, காலையில் தோலைத் தேய்த்துக் கழற்றுங்கள். மூன்று சுண்டு தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றிப் பட்டுப்போல் அரைத்து, மெல்லிய துணியில் பிழியுங்கள். சிறுதீயில் கைவிடாமல் கிளறிப் பத்து நிமிடம் காய்ச்சுங்கள். கையை எடுத்தால் அடிப்பிடிக்கும், அடிப்பிடித்தால் முழுவதும் கருகல் மணக்கும். கெட்டித் தேங்காய்ப்பால் அரைக் கோப்பை சேர்த்து இறக்குங்கள். விரலை வைத்துப் பத்து எண்ணும்வரை சூடு பொறுக்க முடிந்தால் பதம். மண்சட்டியில் ஊற்றி, பத்துப் பச்சைமிளகாய்க் காம்புகளை உள்ளே போட்டு, மூடி, அடுப்படியில் வெதுவெதுப்பான மூலையில் இரவு முழுவதும் வையுங்கள். அந்தக் காம்புதான் உறை. காலையில் முதற்சட்டி நீர்த்தன்மையாகவும் கச்சான் வாசத்தோடும் இருக்கும். மனம் தளர வேண்டாம். அதிலிருந்து இரண்டு கரண்டி எடுத்து அடுத்ததற்கு உறையாகப் போடுங்கள். மண்சட்டி தண்ணீரைக் குடிப்பதால் மூன்றாவது சட்டியிலிருந்து கரண்டியால் வெட்டி எடுக்கும் பதம் வரும். கித்துள் பாணி ஊற்றிச் சாப்பிடலாம், மோர்மிளகாயும் ஊறவைக்கலாம். எருமைத் தயிரின் அந்தக் கொழுமை மட்டும் இதில் இருக்காது.

உடம்பைப் பற்றிக் கவனமாகக் கேளுங்கள், நான் இதில் தவறிவிட்டேன். விற்றமின் பி12 மரக்கறியில் கிடையாது. அதை நுண்ணுயிர்கள் உண்டாக்குகின்றன, நமக்கு மச்சம், முட்டை, பால் வழியாக வருகிறது. ஈரலில் ஆண்டுக்கணக்கில் சேமிப்பு இருப்பதால் விட்டவுடன் ஒன்றும் தெரியாது. எனக்குப் பிந்தித்தான் உள்ளங்கால் விறைத்து எறும்பு ஊர்வது போலத் தொடங்கியது. இரத்தம் சோதித்து, ஊசி போட்டு, மாத்திரைக்கு வந்தேன். வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்குத் தேவை 2.4 மைக்ரோகிராம்தான், மாத்திரை மருந்துக்கடையில் கிடைக்கிறது. அளவை மருத்துவரிடம் கேட்டு முதல்நாளிலிருந்தே எடுங்கள். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சிறுபிள்ளைகள் விடயத்தில் மருத்துவரிடமும் குடும்பநல உத்தியோகத்தரிடமும் பேசாமல் எதையும் மாற்ற வேண்டாம்.

மற்றவை நம் வளவிலும் சந்தையிலும் இருக்கின்றன. கௌபி, பயறு, பருப்பு மூன்றிலும் காய்ந்த நிலையில் 100 கிராமில் 23, 24 கிராம் அளவு புரதம் உண்டு. 100 கிராம் குரக்கனில் 340 மில்லிகிராம் அளவில் கல்சியம், எள்ளுருண்டையும் உதவும். முருங்கையிலைச் சுண்டலுக்குத் தேசிக்காய் பிழிந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும், சோற்றோடு தேநீர் குடித்தால் குறைவாகத்தான் சேரும், ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். கடல்மீனை விட்டபின் அயடீன் கலந்த உப்பைக் கட்டாயம் பாவியுங்கள்.

சொந்தக்காரரோடு எப்படிப் பேசுவது என்று பலர் கேட்கிறார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் இருந்துகொண்டு இதைப் பேசாதீர்கள். போகும் முன்பே அழைத்தவரிடம் சொல்லிவிடுங்கள், மரக்கறிப் பந்தியில் மோரையும் பாயாசத்தையும் விட்டால் போதும். பட்டி வைத்திருப்பவரிடம் பேசும்போது இன்னும் கவனம் வேண்டும். 2023இல் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காகச் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் போராட்டத்தில் இருந்தபோது நானும் ஒரு பின்னேரம் போய் அவர்களோடு இருந்தேன். “பால் குடிக்காத ஆள் இங்கே எதற்கு?” என்று ஒருவர் கேட்டார். அந்தத் தரை போனால் மாடும் சாகும், மனிதரும் நடுத்தெருவுக்கு வருவார்கள். அதற்குத்தான் வந்தேன் என்றேன். இடம் தந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு வேறு வருமானம் வராமல் பட்டி குறையாது என்பதும் எனக்குத் தெரியும். அதனால் அவர்கள் வீடுகளில் கச்சானும் கௌபியும் செய்கை பண்ணினால் முதலில் அங்கேயே வாங்குகிறேன்.

கோயிலில் பாலபிஷேகத்துக்குப் பதிலாக இளநீர் அபிஷேகத்துக்குப் பெயர் கொடுக்கலாம். தைப்பொங்கல் பானையில் தேங்காய்ப்பால் ஊற்றினாலும் பொங்கி வழியத்தான் செய்யும். மறுநாள் பட்டிப்பொங்கலுக்கு நான் பெரியப்பாவின் மகன் வீட்டுக்குப் போகிறேன். பட்டியை இப்போது அண்ணன்தான் பார்க்கிறார். அந்த ஒருநாளாவது கறக்காமல் விடச் சொல்லி இரண்டு ஆண்டு கேட்டேன், மூன்றாம் ஆண்டு சம்மதித்தார். உங்கள் சொந்தத்திலும் பட்டி இருந்தால் கேட்டுப் பாருங்கள். கேட்பதென்றால் மார்கழியிலேயே கேளுங்கள், பால் எடுக்கும் ஆளிடம் அவர் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். அன்று விடியும் முன்பே போய்விடுங்கள். கன்றுகளை அவிழ்க்கும்போது கயிற்றை முழுவதுமாகக் கழற்றிவிட்டுத் தள்ளி நில்லுங்கள், வயிறு நிறையக் குடித்து முடிக்க நிறைய நேரம் எடுக்கும்.