கால் டொப்ளர் எடுக்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

"டொப்ளர் எடுத்தாயிற்று, எல்லாம் சரியாம்" என்று யாராவது சொன்னால், எந்த டொப்ளர் என்று முதலில் கேட்க வேண்டியிருக்கிறது. டொப்ளர் என்பது ஒலியலையால் குருதி ஓட்டத்தைப் பார்க்கும் பரிசோதனை. கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் "கால் டொப்ளர்" என்று மட்டும் சொல்லி நேரம் எடுப்பவர்கள் ஏராளம். காலுக்குக் குருதியைக் கொண்டுவருபவை நாடிகள்; திருப்பி எடுத்துச் செல்பவை நாளங்கள். நாளத்தைப் பார்க்கும் ஸ்கான், உள்ளே குருதி உறைந்திருக்கிறதா, வால்வுகள் பழுதா என்று தேடும். நடக்கும்போது கெண்டைக்கால் இறுகி வலிக்கிறது, நின்றால் சில நிமிடங்களில் விட்டுவிடுகிறது என்றால், பார்க்க வேண்டியது நாடியை. நாளம் சரி என்ற அறிக்கையைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் நொண்டி நடப்பவர்களும் இருக்கிறார்கள். வைத்தியரின் கடிதத்தில் நாடியா நாளமா என்று எழுதியிருக்கிறதா என்பதைப் பணம் கட்டும் முன் பார்த்துவிடுங்கள்.

அடுத்த தவறு, படத்தில் உள்ள மோகம். ஸ்கான் என்றால் நம்பிக்கை, பிரசர் பட்டி என்றால் அலட்சியம். நாடி அடைப்பைத் தேடும்போது முதலில் செய்யவேண்டிய பரிசோதனையே அந்தப் பட்டியோடு செய்வதுதான். கணுக்காலில் உள்ள குருதி அமுக்கத்தைப் புயத்தில் உள்ள அமுக்கத்தால் வகுக்கிறார்கள். வரும் எண்ணுக்கு ஏ.பி.ஐ. என்று பெயர். 1950இல் டிராவிஸ் வின்சர் என்ற அமெரிக்க வைத்தியர் விவரித்த அளவீடு இது. 1.00 முதல் 1.40 வரை வழமையானது; 0.91 முதல் 0.99 வரை எல்லைக்கோடு, 0.90 அல்லது அதற்குக் கீழே என்றால் நாடி நோய். செலவு குறைவு, ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை. ஆனால் அவசரமாகச் செய்தால் பொய் சொல்லும்.

ஒழுங்காகச் செய்தால் இப்படித்தான் இருக்கும். நோயாளி ஐந்து முதல் பத்து நிமிடம் மல்லாந்து படுத்திருக்கிறார். கணுக்காலுக்குச் சற்று மேலே பட்டி. உட்கணுக்கால் எலும்புக்குப் பின்னால் ஜெல் தடவி, பேனை போன்ற டொப்ளர் முனையைச் சாய்த்து வைத்து நாடியின் ஓசையைத் தேடுகிறார்கள். நல்ல நாடியில் ஒவ்வொரு துடிப்பும் இரண்டு மூன்று அடுக்காகக் கேட்கும்; அடைப்புக்குக் கீழே ஒரே மந்தமான மூச்சாகக் கேட்கும். ஓசை மறையும் வரை பட்டிக்குக் காற்றடித்து, இன்னும் கொஞ்சம் ஏற்றி, மெதுவாக இறக்குவார்கள். ஓசை திரும்பிவரும் அளவே அந்த நாடியின் அமுக்கம். பிறகு பாதத்தின் மேற்புறத்து நாடி. பிறகு மற்றக் கால். இரண்டு புயங்களும். வீட்டில் பிரசர் பார்க்கும் தானியங்கிக் கருவியைக் கணுக்காலில் கட்டிப் பார்ப்பது இதற்கு ஈடாகாது. அமுக்கம் மிகக் குறைந்த காலில், நோய் உள்ள காலில்தானே சரியான எண் வேண்டும், அங்கேதான் அது தடுமாறும்.

ஒரு புயத்தை மட்டும் அளப்பது சின்னச் சோம்பல் போலத் தெரியும். கணக்கைப் பாருங்கள். வலப்புயம் 150, இடப்புயம் 130, கணுக்கால் 126 என்று வைத்துக்கொள்வோம். இடப்புயத்தால் வகுத்தால் 0.97: கிட்டத்தட்ட நலம். உயர்ந்த புயத்தால் வகுப்பதே முறை; அப்போது 0.84: நோய். அதே கால், அதே நாள். தவிர, இரண்டு புயங்களுக்கும் இடையே 20 வித்தியாசம் இருப்பதே இடக்கைக்குப் போகும் நாடியில் ஒடுக்கம் இருக்கலாம் என்று சொல்கிறது. டயலிசிஸுக்காக ஃபிஸ்டுலா (நாடியையும் நாளத்தையும் இணைத்த இணைப்பு) வைத்த கையில் பட்டி கட்டக்கூடாது. அதை நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள்.

காலி வீதி நெரிசலில் பஸ்ஸில் நின்று வந்து, இரண்டு மாடி படியேறி, மூச்சு வாங்கியபடி கட்டிலில் ஏறினால் எண் மாறும். வாசலில் பிடித்த சிகரெட்டும் மாற்றும். குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். ஆண்கள் சாரம் கட்டிக்கொண்டு போவது எல்லாருக்கும் வசதி. ஏசி அறையில் பாதம் சில்லிட்டிருந்தால் கால் விரலில் அளக்கும் அமுக்கம் தாழ்வாகக் காட்டும், ஒரு போர்வை கேட்பதில் வெட்கம் வேண்டாம். வெறும் வயிற்றோடு வரவேண்டியது வயிற்றுப் பெருநாடியையும் சேர்த்து ஸ்கான் பார்க்கும்போது மட்டும்தான், வாயு படத்தை மறைக்கும் என்பதால். வெறும் ஏ.பி.ஐ.க்காக இன்சுலின் போடுபவர் பட்டினி கிடப்பது வீண் ஆபத்து.

நீரிழிவு உள்ளவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கலாம். நீண்டகால நீரிழிவிலும் சிறுநீரக நோயிலும் கணுக்கால் நாடிகளின் சுவரில் கல்சியம் படிந்து விறைத்துவிடும். பட்டி எவ்வளவு நெருக்கினாலும் நாடி மூடாது. எண் பொய்யாக ஏறும். புயம் 140, கணுக்கால் 210 என்றால் 1.50 வருகிறது. "ஒன்றுக்கு மேலே இருக்கிறது, மிக நல்லது" என்று இதை வாசிப்பதுதான் இந்தத் துறையில் நடக்கும் மிக மோசமான தவறு. 1.40க்கு மேலே போனால் அந்த எண்ணை நம்பக்கூடாது. அதைவிட வஞ்சகமானது, உள்ளே அடைப்பும் வெளியே விறைப்பும் சேர்ந்து 1.05 என்று சாதுவாக வந்து நிற்பது. பெருவிரல் நாடிகள் பெரும்பாலும் இப்படி விறைப்பதில்லை. அதனால் பெருவிரலில் சின்னப் பட்டி கட்டி அளக்க வேண்டும். புயம் 140 உள்ள அதே ஆளுக்குப் பெருவிரலில் 48 வந்தால் விகிதம் 0.34. 0.70 அல்லது அதற்குக் கீழே என்றாலே நோய்தான். பெருவிரல் அமுக்கம் 30க்குக் கீழே உள்ள காலில் புண் ஆறுவது மிகக் கடினம். பாதத்தில் ஆறாத புண்ணோடு வரும் நீரிழிவுக்காரருக்குக் கணுக்கால் எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்தால், விரல் அமுக்கம் எங்கே என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

படுத்திருக்கும்போது எண் சரி, நடந்தால் வலி என்பவர்களும் உண்டு. இடுப்புப் பகுதி நாடியில் மிதமான ஒடுக்கம் இருந்தால், ஓய்வில் போதிய குருதி வரும், நடக்கும்போது போதாது. நடக்கவிட்டோ குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கவிட்டோ உடனே மறுபடி அளக்க வேண்டும். எண் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தால் நாடிதான் காரணம். விழவே இல்லையென்றால் முதுகெலும்பைப் பார்க்கலாம். அங்கே நரம்பு நெரிபட்டாலும் இதே மாதிரி வலிக்கும், ஆனால் அந்த வலி குனிந்தால் அல்லது உட்கார்ந்தால்தான் விடும்.

இனி ஸ்கான். அடைப்பு எங்கே, எவ்வளவு நீளம் என்பதை அது காட்டும். ஓரிடத்தில் குருதியின் வேகம் அதற்கு முந்திய இடத்தைவிட இரு மடங்குக்கு மேல் பாய்ந்தால், அங்கே பாதிக்கு மேல் ஒடுங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். "50 வீதம்" என்று ரிப்போர்ட்டில் கண்டதும் ஸ்டென்ட் (நாடியை விரித்து வைக்கும் வலைக்குழாய்) வைக்க ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். வலியும் புண்ணும் இல்லாத காலில் படத்துக்காகக் குழாய் திறப்பதில் நன்மை இல்லை. அந்த ஒடுக்கம் மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் முன்னறிவிப்பு என்பதே பெரிய செய்தி. கவனிக்க வேண்டியவை: புகையை நிறுத்துவது, கொலஸ்ட்ரோல் மருந்து, பிரசரையும் சீனியையும் கட்டுக்குள் வைப்பது. நடந்தால் வலிப்பவர்களுக்கு நடையே மருந்து. காலிமுகத்திடலிலோ சுதந்திர சதுக்கத்திலோ வலி வரும் வரை நடந்து, நின்று, மறுபடி நடப்பது; வாரம் மூன்று நாள், 30 முதல் 45 நிமிடம், மூன்று மாதம்.

கால் வீக்கத்துக்கு பார்மசியில் இறுக்கமான காலுறை வாங்கிப் போடுபவர்களும் முதலில் ஏ.பி.ஐ. பார்க்க வேண்டும். 0.60க்குக் கீழே உள்ள காலை அந்த இறுக்கம் மேலும் பட்டினி போட்டுவிடும்.

கால் திடீரென்று வெளிறி, சில்லிட்டு, கடுமையாக வலித்து, விரல் மரத்து அசைக்க முடியாமல் போனால், ஸ்கானுக்கு எந்த நாள் கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருக்காதீர்கள். சில மணி நேரத்தில் தசை செத்துவிடும். 1990க்கு அழைத்து சுவசெரிய ஆம்புலன்ஸில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். ஸ்கான் தேவையா என்பதை அங்கே தீர்மானிப்பார்கள்.